கழுத்தைச் சுற்றும் பயம்

ஸ்கேன் அறிக்கையின் ஒரு வரி தாயை ஆபரேஷன் மேஜைவரை கொண்டுபோகிறது. தொப்புள்கொடியின் நிஜமான அபாயமோ வேறு இடத்தில் இருக்கிறது.

எட்டாம் மாத ஸ்கேன் அறிக்கை. கடைசி வரியில், குழந்தையின் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று கொடி இருப்பதாகக் குறிப்பு. அவ்வளவுதான், அன்றிரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார். மறுநாள் டாக்டரிடம் கணவர் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப சார் ஆபரேஷன்?" இந்தக் கேள்வியை மறுத்துப் பேச எல்லா டாக்டர்களும் மெனக்கெடுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. மாமன் குழந்தையின் முகத்தை முதலில் எண்ணெயில்தான் பார்க்க வேண்டும் என்பார்கள். மாமன் ஒரு கிண்ணம் எண்ணெயோடு தப்பிவிடுகிறார். கத்திக்குத் தப்புவது தாய்க்குத்தான் கஷ்டம்.

உண்மையில் கொடி சுற்றுவது மிகச் சாதாரணம். நூறு பிரசவங்களில் 20 முதல் 30 வரை கழுத்தில் கொடி சுற்றியபடிதான் நிகழ்கின்றன. பெரும்பாலும் ஒரே சுற்று, அதுவும் தளர்வாக. தண்ணீர்க்குடத்துக்குள் குழந்தை உருளும்போது சுற்றிக்கொள்வது, இன்னொரு உருளலில் அவிழ்ந்தும்விடுகிறது. குழந்தையின் தலை வெளியே வந்ததும் நர்ஸ் விரலை நுழைத்து, மாலையைக் கழற்றுவதுபோல் கொடியைத் தலைவழியே எடுத்துவிடுவார்.

கழுத்து இறுகி மூச்சு முட்டிவிடாதா? கருவிலிருக்கும் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதே இல்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு கொடிவழியாகத்தான் வருகிறது. ஆகவே கழுத்து அல்ல, கொடி நசுங்குகிறதா என்பதுதான் கேள்வி. இயற்கை அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. சுமார் 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம், உள்ளே இரண்டு தமனிகள், ஒரு சிரை. சுற்றிலும் வழவழப்பான கூழ். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் அதை வார்ட்டன் ஜெல்லி என்கிறார்கள். பழைய டெலிபோன் வயர் மாதிரி முறுக்கும் உண்டு. சில சமயம் சுற்று இறுகவும் செய்யும். அப்படி இறுகினால் பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத் துடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆபரேஷனா இல்லையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்தத் துடிப்புதான், எட்டாம் மாத ஸ்கேன் அல்ல.

தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி இந்தியாவில் 21.5 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் 47.4 சதவிகிதம். தெலங்கானாவில் 60.7, தமிழ்நாட்டில் 44.9. கொடியைச் சாக்காகச் சொன்னவை இதில் எத்தனை என்று ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் பீகார் கணக்கைப் பார்த்தால் வேறொரு கவலை பிறக்கிறது. அங்கே தனியாரில் 39.6 சதவிகிதம், அரசு ஆஸ்பத்திரிகளில் வெறும் 3.6. காசுள்ளவர்களுக்கு வேண்டாதபோதும் கத்தி, இல்லாதவர்களுக்கு வேண்டும்போதுகூட இல்லை.

வேண்டும்போது என்றால் எப்போது? தண்ணீர்க்குடம் உடைகிறது, குழந்தையின் தலை இன்னும் மேலேயே இருக்கிறது. பீறிடும் நீரோடு கொடி நழுவி, குழந்தைக்கு முன்பாகப் பிறப்புவாயில் இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு வலியிலும் தலைக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் கொடி நசுங்குகிறது. மருத்துவத் தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் ஆளுக்கொன்று எழுதுகிறோம். 'கொடி முந்துதல்' என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று முதல் ஆறு வரை இப்படி நேர்கிறது. அபூர்வம்தான். ஆனால் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி குழந்தைகள் பிறக்கும் நாட்டில் ஆயிரத்துக்கு ஒன்று என்றாலே 23 ஆயிரம்.

யாருக்கு நேரும் என்பதை ஓரளவு முன்பே சொல்லலாம். குழந்தை குறுக்காகவோ, கால் கீழாகவோ இருப்பவர்கள், இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர் அதிகம் உள்ளவர்கள், குறைமாதம். ஏறக்குறைய பாதி சம்பவங்களில் டாக்டரின் கையும் இருக்கிறது. பிரசவத்தைத் துரிதப்படுத்தத் தலை இறங்குமுன்பே குடத்தை உடைப்பது அவற்றில் முக்கியமானது.

நடந்துவிட்டால் நிமிடங்கள்தான் கணக்கு. கொடியை உள்ளே தள்ளக் கூடாது. தொட்டுத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. குளிர்காற்றும் தொடுதலும் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். பயிற்சி பெற்ற நர்ஸ் கையுறை போட்ட விரல்களால் குழந்தையின் தலையை மேல்நோக்கித் தாங்கிப் பிடிப்பார், ஆபரேஷன் தியேட்டர்வரை கையை எடுக்காமல். வீட்டிலோ துணை சுகாதார நிலையத்திலோ என்றால், தாயை முழங்காலிட்டு, மார்பு தரையில் பட, இடுப்பு உயர்ந்திருக்கும்படி குனியவைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஓடும்போது அந்த நிலை சரிப்படாது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்புக்கடியில் தலையணை கொடுப்பார்கள். 108-ஐ அழைக்கும்போதே 'கொடி வெளியே வந்துவிட்டது' என்று சொல்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையம்வரை போய், அங்கே ஆபரேஷன் வசதி இல்லை என்று திரும்பும் அந்த அரைமணி நேரம்தான் குழந்தையின் உயிர்.

ஸ்கேன் வீண் என்று அர்த்தமில்லை. வேறொன்றைக் கேட்க வேண்டும்: நச்சுக்கொடியில் தொப்புள்கொடி எந்த இடத்தில் சேர்கிறது? சிலருக்குப் பாதுகாப்புக் கூழ் இல்லாத வெறும் ரத்தக்குழாய்கள், கருப்பை வாய்க்குக் குறுக்கே சவ்வில் ஓடும். குடம் உடைந்தால் அவையும் கிழிந்து, சிந்துவது குழந்தையின் ரத்தம். சுமார் 2,500 கர்ப்பங்களில் ஒன்றில் இது நேர்கிறது. முன்னதாகத் தெரிந்து, வலி எடுக்குமுன் சிசேரியன் செய்தால் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுமே பிழைக்கின்றன. தெரியாமல் போனால் பாதிக்கும் மேல் இறந்துவிடுகின்றன. ஐந்தாம் மாத ஸ்கேனில், வண்ண டாப்ளர் இருந்தால், தேடுகிறவருக்குத் தென்படும்.