சேரும் நாளில் ஒரு தாள்

திருப்பூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கும். ஓவர்லாக், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங் என்று வரிசையாக எழுதிக் கீழே போன் நம்பர் போட்டிருப்பார்கள். சில கம்பெனிகளில் அந்த போர்டு வருடம் முழுக்க இறங்குவதே இல்லை. சிறிய பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளைச் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் ஆட்கள் வருவதும் போவதும் என் கண்ணில் படாமல் நடக்காது.

"ஆளே நிக்கறதில்லைங்க. பக்கத்துக் கம்பெனியில பீஸுக்குப் பத்துப் பைசா சேர்த்துக் குடுத்தா ஓடிப் போயிடறாங்க" என்பார்கள் முதலாளிகள். பாதி உண்மை. போனவர்களைக் கேட்டால் மீதி தெரியும். "சேரும்போது ஒரு ரேட்டுச் சொன்னாங்க, சனிக்கிழமை கவரைப் பிரிச்சா வேற கணக்கா இருந்துச்சுங்ணா."

அதனால்தான் சேருகிற அன்றே ஒரு தாள் கொடுங்கள் என்கிறேன். என்ன வேலை, ஷிப்ட் சம்பளமா பீஸ் ரேட்டா, ஓவர்டைமுக்கு எவ்வளவு, என்றைக்குச் சம்பளம். ஒரு பக்கம் போதும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கட்டாயமும் ஆகிவிட்டது. "எழுதிக் குடுத்தா கேஸ் போட்டுருவாங்களே" என்று தயங்குகிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, எதுவும் எழுதி வைக்காத கம்பெனிதான் லேபர் ஆபீஸில் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறது. ஒடிசா, பீகார் ஆட்களுக்குத் தமிழ்த் தாள் உதவாது. அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துக் காட்டச் சொல்வேன்.

அடுத்தது பி.எஃப். "எனக்கு வேண்டாங்ணா, கையிலயே குடுத்துருங்க" என்று டைலர்களே கேட்பார்கள். வாடகைக்கும் வட்டிக்கும் பணம் இன்றைக்கு வேண்டும். சம்பளத்தில் 12 சதவீதம் போகிறதென்றால் கசக்கத்தான் செய்யும். ஆனால் 20 பேர் வேலை செய்யும் இடத்தில் இது அவரவர் விருப்பம் இல்லை. கம்பெனியும் அதே 12 சதவீதம் போடுகிறது, வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு என்று சொன்னால் முகம் கொஞ்சம் மாறும்.

அவர்கள் நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பேங்க் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பி.எஃப். கணக்கில் இனிஷியலே இருக்காது. கல்யாணமான பெண்களுக்கு இதில் கணவர் பெயரும் சேர்ந்துகொள்ளும். பணம் கேட்டு விண்ணப்பித்தால் திரும்பி வரும். சேரும்போதே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்த அலைச்சலே கிடையாது.

அதைவிட மோசமானது, வேலையை விட்டுப் போனவரின் விலகிய தேதியைப் பதியாமல் விடுவது. அது இல்லாமல் கணக்கை முடித்து முழுப் பணத்தை எடுக்க முடியாது. கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் அந்தத் தேதியைப் பதியலாம். அது பலருக்குத் தெரிவதில்லை. சில மேனேஜர்கள் 'சொல்லாமப் போனான்ல' என்ற கோபத்திலேயே பதியாமல் வைத்திருப்பார்கள். சின்னப் புத்தி என்பதைத் தவிர இதற்கு வேறு பேர் தெரியவில்லை. அந்த ஆள் ஊருக்குப் போய் இதைச் சொன்னால், அந்த ஊரிலிருந்து அடுத்து யார் வருவார்?

இ.எஸ்.ஐ. விஷயத்தில் நான் கறார். 10 பேர் இருந்தால், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களைப் பதிய வேண்டும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. விரலில் ஊசி ஏறிய பிறகு போன் செய்து, "போன வாரமே சேர்ந்த மாதிரி பதிஞ்சுடுங்க" என்று கேட்பார்கள். நான் செய்வதில்லை.

லேட்டாக வந்தால் அரை நாள் வெட்டு என்பதும் பல இடங்களில் வழக்கம். வராத நேரத்துக்கு மட்டும்தான் பிடிக்கலாம். அபராதம் என்றால் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; விளக்கம் கேட்காமல் போடவும் கூடாது.

ஐந்து வருடம் தாண்டியவர் விலகினால் கிராஜுவிட்டி உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். 15,600 ரூபாய் வாங்கியவருக்கு எட்டு வருடத்துக்கு 72,000. தீபாவளி லீவு முடிந்து வருகிறவரைப் புது ஆளாகச் சேர்த்து இதைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பது ஏமாற்று வேலை. பாக்கிச் சம்பளத்தைப் புதிய சட்டப்படி விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'ஆட்கள் தேவை' போர்டுக்குப் புதுசாகப் பெயின்ட் அடிக்கும் முன், போன வருடம் விலகியவர்களின் பட்டியலை எடுங்கள். யாருக்கெல்லாம் தேதி பதியாமல் கிடக்கிறது என்று பார்த்துப் பதிந்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.