காலை நீட்டினால் உடல் எடை குறையுமா?

ஆம்பூர் தோலுக்கும் செருப்புக்கும் பேர்போன ஊர். அதே வட்டாரத்தில் இருக்கும் வேலூர் வைத்தியத்துக்குப் பேர்போனது.

காலுக்கு இரண்டுமே வேண்டும்!

டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். உணர்ச்சி இழந்த பாதங்கள் புண்ணாகாமல் இருக்க, மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்யச் சொன்னார்.

ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கும் செருப்பு உதவும். வித்தியாசம் 2 சென்டி மீட்டருக்குள் இருந்தால், செருப்பின் அடியைத் தடிப்பாக்கினாலே பெரும்பாலும் போதும். வித்தியாசம் அதிகமானால் இடுப்பு சாயும், நடை கெடும். அப்போதுதான் ஆபரேஷன் பேச்சு வரும்.

தினம் 1 மில்லி மீட்டர்

இந்த முறையை வகுத்தவர் சைபீரியாவின் குர்கான் நகர டாக்டர் இலிசரோவ். எலும்பை வெட்டி, காலைச் சுற்றி உலோக வளையங்களை மாட்டுவார்கள். வெட்டிய இடத்தைத் தினம் 1 மி.மீ. வீதம் விலக்குவார்கள். இடைவெளியில் புது எலும்பு வளரும். 5 செ.மீ. நீட்ட 50 நாள். அது கெட்டிப்படப் பின்னும் பல மாதம்!

ஊனம் இல்லாதவர்களும் உயரத்துக்காக இதைச் செய்துகொள்வது உண்டு. 2016-ல் ஐதராபாத்தில் ஒரு வாலிபர் பெற்றோருக்குச் சொல்லாமல் செய்துகொண்டார். அது பெரிய செய்தியாயிற்று.

எடை என்ன ஆகும்?

65 கிலோ எடையுள்ளவர் 160 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர்கள் போடும் உயரம்-எடைக் கணக்கு 25.4 வரும். 5 செ.மீ. வளர்ந்தால் அதுவே 23.9. கணக்கு குறைந்தது, கொழுப்பு குறைந்ததா? இல்லை!

உண்மையில், மாதக்கணக்கில் ஓடியாடாமல் இருந்தால் தசை மெலியும். பழையபடியே சாப்பிட்டால் கொழுப்பு ஏறும். உடல் கனத்தால் மூட்டுக்குச் சுமை. ஆகவே பால், முட்டை, பருப்பு, கீரை வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் குறைய வேண்டும். பீடி, சிகரெட் கூடவே கூடாது. எலும்பு கூடுவதை அவை தாமதப்படுத்தும்.

தசையும் நரம்பும் எலும்போடு சேர்ந்து நீள வேண்டும். தினப் பயிற்சியை விட்டால் முழங்காலும் கணுக்காலும் விறைத்துப் போகலாம். கம்பி போன வழியில் சீழ் பிடிக்கலாம்.

நடக்க முடியாதவருக்கு இந்த ஆபரேஷன் வரப்பிரசாதம். நன்றாக நடப்பவரோ, ஒரு தரத்துக்கு நூறு தரம் யோசிக்க வேண்டும். முதலில் வீட்டில் சொல்ல வேண்டும். படுக்கையில் கிடக்கும்போது தூக்கி உட்கார வைக்கப்போவது வீட்டார்தானே!