கொல்லைக் கோழியும் கூட்டெருவும்

கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழிகள் மேயாத குடியானவர் வீடு நமது கிராமங்களில் அரிது. சிறுவிடையாயினும் பெருவிடையாயினும், முட்டைக்கென்றும் விருந்துக்கென்றும் வளர்க்கத் தொடங்கிய கோழி, பெயரிட்டு அழைக்கும் குழந்தைகளின் பிரியத்தினால் அறுபடாமலே மூப்படைவதும் உண்டு. முட்டை, குஞ்சு ஆகியவற்றின் வரவைக் கணக்கிடும் குடும்பத்தார், நாள்தோறும் கோழிகள் விட்டுச்செல்லும் எச்சத்தை வரவாகக் கருதுவதில்லை. காலையில் வாசலைப் பெருக்குகையில் அது குப்பையோடு குப்பையாய்த் தெருவோரம் போய்ச் சேர்கிறது.

இதற்குக் காரணம் அசட்டை மாத்திரமன்று. கோழி எரு 'சூடு' என்பது குடியானவர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் எண்ணம். கத்தரி நாற்றின் தூரில் பச்சை எச்சத்தைக் கைந்நிறைய அள்ளி வைத்தவர், சில நாட்களில் இலையோரங்கள் தீய்ந்து செடி சாய்வதைக் கண்டு, மறுமுறை அதைத் தொடுவதேயில்லை. அவருடைய அநுபவம் பொய்யன்று. அதிலிருந்து அவர் கொண்ட முடிவே பிழையானது. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் இல்லை. எச்சத்தின்மீது வெள்ளையாகப் படிந்திருப்பதே அதன் சிறுநீர்ப் பொருள். யூரிக் அமிலம் எனப்படும் அந்த வெள்ளைப் பகுதியில்தான் தழைச்சத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஈரம் பட்டவுடன் அது விரைவில் சிதைந்து அம்மோனியாவாக மாறுகிறது. இளம் வேரைச் சுடுவது அந்த அம்மோனியாவும் எச்சத்திலுள்ள உப்புக்களுமே. பயிரைக் கொல்லும் அப்பொருளே, பக்குவப்படுத்தினால் பயிரை வளர்ப்பதும் ஆகும்.

சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு 0.5 பங்கு அளவே உண்டு. உலர்ந்த கோழி எருவில் தழைச்சத்து ஏறக்குறைய 3 பங்கும், மணிச்சத்து 2.6 பங்கும், சாம்பல்சத்து 1.4 பங்கும் இருக்கின்றன. ஆயினும் இதனை வெட்டவெளியில் போட்டுவைத்தால் 30 நாட்களுக்குள் தழைச்சத்தில் பாதி காற்றோடு போய்விடும். கூண்டருகே சென்றவுடன் கண்ணை எரிக்கும் அந்த நெடி, பணம் கரைந்துபோகும் நெடியென்றே அறிதல் வேண்டும்.

அளவைப் பற்றி மிகையாகச் சொல்லுதல் தகாது. ஒரு கோழி நாளொன்றுக்கு 100 கிராம் அளவு, அல்லது அதனினும் சற்றுக் குறைவாக எச்சமிடும். அதில் முக்கால் பங்கு நீரே. பகலில் மேய்ச்சலில் விழுவது போக, இரவில் கூண்டில் விழும் பாதியைத்தான் சேகரிக்க இயலும். ஆகவே பத்துக் கோழிகளைக் கொண்டு மாதத்திற்குச் சுமார் 15 கிலோ பச்சை எச்சமே கிடைக்கும். இதைக்கொண்டு ஒரு காணி நெல்லுக்கு உரமிட்டுவிடலாம் என்று எண்ணுவது வீண். வீட்டுக் காய்கறித் தோட்டத்திற்கும், பத்து வாழைக்கும், ஒரு நாற்றங்காலுக்கும் இது போதும். நாமக்கல் வட்டாரத்துப் பெரும் பண்ணைகளிலிருந்து லாரியில் எருவை விலைக்கு வாங்கும் மிராசுதாரும், பின்வரும் முறையையே பெரிய அளவில் அநுசரிக்கலாம்.

எருவைக் காப்பது கூண்டிலேயே தொடங்குகிறது. கோழிகளை இரவில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதைவிட, தரைக்கு இரண்டு முழ உயரத்தில் கம்பு கட்டிய கூண்டில் அடைவது மேலானது. கம்பின் கீழே நான்கு அங்குல கனத்திற்கு உலர்ந்த சருகு, நிலக்கடலைத் தோல், நறுக்கிய வைக்கோல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றில் அகப்பட்டதைப் பரப்புதல் வேண்டும். எச்சத்தின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நெல் உமியும் உதவும். ஆனால் உமி மக்குவதற்கு நெடுநாள் பிடிக்குமாதலால், அவசரமாக எரு வேண்டுவோர் அதைத் தவிர்ப்பது நலம். கூரை ஒழுகும் கூண்டில் இவ்வளவு பாடும் வியர்த்தம்.

இங்கே ஒரு வழக்கத்தைக் குறித்துச் சொல்லியாக வேண்டும். நாற்றம் அடங்கவும் ஈ மொய்க்காதிருக்கவும் எச்சத்தின்மீது அடுப்புச் சாம்பலைத் தூவுவது பல வீடுகளில் நடந்துவருகிறது. சிலர் சுண்ணாம்பும் தூவுவர். இவ்விரண்டும் காரப்பொருள்கள். காரம் பட்டவுடன் அம்மோனியா இன்னும் வேகமாக வெளியேறிவிடும். நல்லெண்ணத்தோடு செய்த இக்காரியத்தால் எருவின் சத்து பாழாவதை யாரும் அறிவதில்லை. சாம்பலைப் போடவேண்டிய இடம் வேறு. கூண்டின் மூலையில் ஒரு சிறு குழி தோண்டி மணலும் சாம்பலும் கலந்து வைத்தால், கோழிகள் அதிற் புரண்டு தம் உடலிலுள்ள பேனைப் போக்கிக்கொள்ளும். எச்சத்தின்மீது தூவ வேண்டுமானால், தோட்டத்து உலர்ந்த மண்ணோ, சிறிது சூப்பர் பாஸ்பேட்டோ தூவலாம். பின்னது அம்மோனியாவைப் பிடித்து நிறுத்தும்.

இனிக் கூட்டெரு. மக்கும் பொருள்களில் கரிப்பொருளும் தழைச்சத்தும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்தால் நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்யும். கோழி எச்சத்தில் அந்த விகிதம் 10-க்கு 1 அளவே, அல்லது அதனினும் குறைவு. நெல் வைக்கோலிலோ 60-க்கு மேற்பட்டது. தென்னை நார்க்கழிவில் 100-க்கும் மேல். தனியே வைத்தால் எச்சம் அழுகி நாறும்; சருகு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் கூட்டினாலே காரியம் நடக்கும். ஆல்பர்ட் ஹோவர்ட் என்பார் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்தியபோது வகுத்த இந்தூர் முறையின் சாரமும் இதுவே. அவர் மாட்டுச் சாணத்தையும் மூத்திரம் ஊறிய மண்ணையும் கொண்டு செய்ததை, கொல்லையில் கோழி எச்சத்தைக் கொண்டு செய்யலாம்.

ஒரு கூடை எச்சத்திற்கு மூன்று அல்லது நான்கு கூடை சருகு என்ற கணக்கில், மாறி மாறி அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிற்கும் நீர் தெளித்து, கைப்பிடி பழைய மக்கிய எருவைத் தூவி வருதல் வேண்டும். குவியல் மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி உயரத்திற்குக் குறைந்தால் சூடு நில்லாது. ஆதலால் சிறு குடும்பத்தார் இரண்டொரு மாதத்து எச்சத்தைச் சருகோடு உலரச் சேமித்து வைத்து, ஒரே நாளில் குவியல் போடுவதே தக்கது. ஈரத்தின் அளவு யாதெனில், கைப்பிடியளவு எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு துளி கசிய வேண்டும். நீர் ஒழுகினால் அதிகம். ஒன்றும் கசியாவிடில் குறைவு. குவியலை மர நிழலில் அமைத்து, தென்னங்கீற்றால் மூடிவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழி முறை உதவாது. குழியில் நீர் நின்று எரு அழுகிவிடும். குடிநீர்க் கிணற்றிற்குக் குறைந்தது 50 அடி தள்ளியே குவியல் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவிப் பார்த்தால், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கும். 55 பாகைக்கு (சென்டிகிரேட்) மேற்பட்ட இந்தச் சூட்டிலேதான் களைவிதைகளும், மனிதருக்கு வயிற்று நோய் தரும் கிருமிகளும், புழுமுட்டைகளும் மடிகின்றன. சூடு தணிந்ததும், ஏறக்குறைய பத்தாம் நாளில், வெளிப்புறத்திலுள்ளது உள்ளே செல்லுமாறு புரட்டிப்போட வேண்டும். மீண்டும் சூடேறும். இவ்வாறு மூன்று முறை புரட்டியபின், குவியலைச் சும்மா விட்டுவிட்டால், மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் மணம் வீசும். நடுவே அம்மோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை என்றும், சூடே ஏறாவிடில் எச்சமோ ஈரமோ போதவில்லை என்றும் கொள்க.

பச்சை எச்சத்தைப் போட்டே தீரவேண்டியவர்கள் காலத்தைக் கவனித்தல் வேண்டும். அமெரிக்க நாட்டின் அங்கக வேளாண்மை விதிகளின்படி, மண்ணைத் தொடும் விளைபொருளுக்குப் பச்சை எருவிட்டு 120 நாள் சென்ற பின்னரே அறுவடை செய்யலாம். மற்றவற்றிற்கு 90 நாள். இருபத்தைந்து நாளில் பறிக்கும் கீரைப் பாத்தியில் பச்சை எருவிடுவது எவ்வளவு தவறென்பது இதிலிருந்தே விளங்கும்.

கோழி நல்ல தோட்டக்காரனுமாகும், பொல்லாத தோட்டக்காரனுமாகும். அறுவடை முடிந்த பாத்தியில் விட்டால் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் கிளறித் தின்னும். விதைத்த பாத்தியில் விட்டால் அரை நாழிகையில் எல்லாம் போயிற்று. அயலார் பாத்தியைக் கிளறுவதால் எழும் சச்சரவு கிராம நிர்வாக அலுவலர்வரை வருவது புதிதன்று. மூன்று முழ உயரத்தில் மூங்கிற்படல் கட்டுவதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் பஞ்சாயத்தில் வீணாகும் கூலியைவிடக் குறைவே.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோய் புகுந்தால் ஒரு வாரத்தில் ஊர்க் கோழிகளெல்லாம் மாண்டுபோகக்கூடும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் போடுவதே பாதுகாப்பு. ஒரு வீட்டார் மாத்திரம் போட்டுப் பயனில்லை; கோழிகள் எல்லை அறியாவாதலால், ஊரார் கூடி ஒரே நாளில் கால்நடை மருந்தகத்தாரை வரவழைக்க ஊர்ப் பெரியவர்கள் ஏற்பாடு செய்யலாம். நோயில் மாண்ட கோழியையும், நோய்க் கூண்டின் எச்சத்தையும் கூட்டெருவில் சேர்க்கலாகாது. ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட வேண்டும். சுண்ணாம்புக்கு உரிய இடம் அதுவே. இந்தியாவில் 2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகத் தோன்றியதை நினைத்து, கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் மறைக்காமலும் விற்காமலும் உடனே மருந்தகத்திற்குத் தெரிவித்தல் அவசியம்.

பக்குவமடைந்த எருவைப் பாத்தியில் அரை அங்குல கனத்திற்குப் பரப்பி மண்ணோடு கொத்திவிடலாம். வாழைக்கும் முருங்கைக்கும் தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக இட்டு மண் அணைக்க வேண்டும். நாற்றங்காலுக்குச் சலித்த எரு ஒரு பங்கும் மண் நான்கு பங்கும் போதும். தை, மாசியில் உதிரும் சருகைக் கூட்டி வைத்திருந்து, பங்குனி முதல் வாரத்தில் குவியல் போடுவோருக்கு ஆனியில் எரு கைக்கு வரும்; ஆடிப் பட்டத்துக் கத்தரிக்கும் அவரைக்கும் அது சரியான சமயம்.