செட்டிநாட்டுப் பழைய அச்சும் கணினியின் கண்ணும்

சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை, பயண நூல்களையும் மாவட்ட வரலாறுகளையும் வரிசை வரிசையாக எழுதிய சோமலெ (1921–1986) பிறந்த ஊர். அவருடைய நூல்களில் பெரும்பகுதி 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சானவை என்பதால், அந்த நூல்களைச் சொல் சொல்லாகத் தேடக்கூடிய கணினிப் பாடமாக மாற்ற முயல்வோர் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். செட்டிநாட்டில் இந்தத் தேவை ஒரே எழுத்தாளரோடு முடிவதும் இல்லை. 1917இல் இந்து மதாபிமான சங்கம் தோன்றியதும், ராய. சொக்கலிங்கனின் ‘ஊழியன்’, சொ. முருகப்பாவின் ‘குமரன்’ ஆகிய இதழ்கள் வெளிவந்ததும் காரைக்குடியில்தான். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஒருவராகத் திரட்டிய ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும், அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. நூலகத்துக்குப் போகாமல் வீடுகளிலேயே தங்கிவிட்ட கும்பாபிஷேக மலர்கள், மணிவிழா மலர்கள், திருமண வாழ்த்து மடல்கள், பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பூட்டிய வீட்டின் கரையானும் ஈரமும் எடுத்துக்கொள்வதற்கு முன் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் இன்று பல குடும்பங்களில் எழுந்துள்ளது. அதற்கு எந்தக் கருவியை வாங்குவது, எந்த மென்பொருளை நம்புவது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள்.

கணினிக் கடைகளில் இப்போது முன்னிறுத்தப்படுபவை, செயற்கை நுண்ணறிவுக் கணக்கீடுகளுக்கென்றே தனிச் செயலகம் பொருத்திய மடிக்கணினிகள். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ‘கோபைலட் பிளஸ்’ வகைக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகளைச் செய்யும் அத்தகைய செயலகமும் 16 ஜிபி நினைவகமும் குறைந்தபட்சத் தகுதிகள். மறுபுறம், விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளைப் பலர் மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டனர். பழைய நூல்களை எழுத்தாக்கும் வேலைக்கு முதல் வகை தேவையே இல்லை. ஒதுக்கி வைத்த இரண்டாம் வகையே போதும். அந்தக் கணினியில் உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவிவிட்டால், கீழே விளக்கப்படும் மென்பொருள் 4 ஜிபி நினைவகத்திலேயே ஓடும். படவட்டை எனப்படும் கிராஃபிக்ஸ் கார்டையோ புதிய நுண்ணறிவுச் செயலகத்தையோ அது கேட்பதில்லை. கையில் உள்ள பணத்தைக் கணினிக்கு அல்லாமல் ஸ்கேனருக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

ஸ்கேனர்களில் இரு வகை உண்டு. மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்கள், கண்ணாடிக்கு ஒட்டினாற்போல ஓடும் தொடுநிலை உணரிப் பட்டையால் படம் எடுப்பவை. கேனன் நிறுவனத்தின் ‘லைடு’ வரிசை இதற்கு எடுத்துக்காட்டு. இவை யுஎஸ்பி கம்பி தரும் மின்சாரத்திலேயே இயங்கும், தூக்கிச் செல்லவும் எளியவை. ஆனால் தாள் கண்ணாடியைத் தொட்டுக் கொண்டிருக்கும் வரைதான் இவற்றின் படம் தெளிவாக இருக்கும். சில மில்லிமீட்டர் விலகினாலும் எழுத்து மங்கிவிடும். கண்ணாடி ஆடிகளும் வில்லையும் கொண்டு, மின்னூட்ட இணைப்புணரி என்னும் சில்லில் படத்தைக் குவிக்கும் மற்றொரு வகை, எப்சன் வி600 போன்றது, பருமனானது, விலை கூடியது. எனினும் கண்ணாடியிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் பரப்பையும் அது தெளிவாகப் பிடிக்கிறது. கெட்டி அட்டையிட்டுத் தைத்த பழைய நூலின் நடுமடிப்பு ஒருபோதும் கண்ணாடியில் படியாது. படிய வைக்க அழுத்தினால் தையல் அறும், பழுப்பேறிய தாள் முறியும். ஆகவே தனித்தாள்களுக்கும் மெல்லிய மலர்களுக்கும் முதல் வகை, தைத்த நூல்களுக்கு இரண்டாம் வகை என்று கொள்வது நல்லது. கைப்பேசிக் கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, இருபுறமும் சமமான விளக்கொளி விழுமாறு செய்தால் அதுவும் பயன்படும். கையில் பிடித்து எடுத்த படம் மட்டும் கோணலும் நிழலுமாக அமைந்து பின்னர் வேலையைப் பெருக்கும்.

அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குத் தமிழ் எழுத்திலேயே காரணம் இருக்கிறது. ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்ட டெம்மி அளவுப் பக்கம் ஒன்று அந்த அளவில் 1650க்கு 2550, அதாவது சுமார் 42 லட்சம் படப்புள்ளிகளாகும். மெய்யெழுத்தின் தலையில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் நிற்கும் புள்ளிக்கு இதில் ஆறு படப்புள்ளி அகலம் கிடைக்கிறது. 150 என்று குறைத்தால் மூன்றுதான் கிடைக்கும். அப்போது மெய்ப்புள்ளியையும் தாளில் படிந்த பூஞ்சைப் பொட்டையும் எந்த மென்பொருளாலும் பிரித்தறிய முடியாது. புள்ளி ஒன்று தவறினால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும்.

படத்தை எழுத்தாக மாற்றும் தொழில்நுட்பத்துக்கு எழுத்துணரி என்று பெயர். ஓசிஆர் என்பது புழக்கத்தில் உள்ள சுருக்கம். வீட்டுக் கணினியில் இணைய இணைப்பின்றி, காசு கொடுக்காமல் தமிழுக்குப் பயன்படுத்தக் கூடியவற்றில் முதலில் நிற்பது டெசராக்ட். 1985 முதல் 1994 வரை ஹியூலெட் பக்கார்டு நிறுவனத்தில் உருவான இந்த மென்பொருள் பத்தாண்டுக் காலம் முடங்கிக் கிடந்து, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டது; அதாவது அதன் நிரல் வரிகளை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். 2006 முதல் கூகுள் அதன் வளர்ச்சிக்குத் துணை நின்றது. 2018இல் வந்த நான்காம் பதிப்பில் அதன் உள்ளமைப்பே மாறியது. அதுவரை ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே வெட்டி எடுத்து வடிவம் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள், அதன்பின் ஒரு முழு வரியின் படத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை மெல்லிய செங்குத்துக் கீற்றுகளாகக் கடந்து சென்று, கடந்து வந்த கீற்றுகளின் நினைவையும் வைத்துக்கொண்டு எழுத்தைத் தீர்மானிக்கத் தொடங்கியது. 1997இல் ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் முன்வைத்த நரம்பு வலையமைப்பு முறை இதற்கு அடிப்படை. கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் நிற்கும் தமிழுக்கு இது பெரும் நன்மை: ‘கொ’ என்பது தாளில் மூன்று உருக்களாகத் தெரிந்தாலும், யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் ககரத்துக்கான குறியும் அதன்பின் ஒகரக் குறியுமாக இரண்டாகவே பதிவாகிறது என்பதை அமைப்பு தானே கற்றுக்கொள்கிறது.

பழுப்புத் தாளில் மங்கிய மையைப் பிரித்தெடுப்பது இதற்கு முந்திய படி. சாம்பல் நிறச் சாயல்களில் எவற்றைக் கறுப்பாகவும் எவற்றை வெள்ளையாகவும் கொள்வது என்று தீர்மானிக்க, நொபுயுகி ஓட்சு 1979இல் வகுத்த முறைப்படி பக்கம் முழுவதற்கும் ஒரே எல்லை வகுக்கப்படுகிறது. ஒரு மூலையில் தண்ணீர்க் கறை உள்ள பக்கத்துக்கு இந்த ஒரே எல்லை பொருந்தாது என்பதால், 2021இல் வந்த டெசராக்ட் ஐந்தாம் பதிப்பில், ஒவ்வொரு சிறு பகுதிக்கும் தனி எல்லை காணும் சவோலா முறையும் சேர்க்கப்பட்டுள்ளது. கறை படிந்த செட்டிநாட்டுத் தாள்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஐந்தாம் பதிப்பை நிறுவலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின்னும் பழைய நூலின் பாடத்தில் விசித்திரமான பிழைகள் நிரம்பியிருக்கும். ‘என்றார்’ என்பது ‘என்ருர்’ என்றும், ‘சொன்னான்’ என்பது ‘சொன்ஞன்’ என்றும், ‘இல்லை’ என்பது ‘இல்லே’ என்றும், ‘அவனை’ என்பது ‘அவனே’ என்றும் வரும். இவை கணினியின் தற்செயலான தடுமாற்றங்கள் அல்ல. பெரியார் 1930களில் முன்வைத்துத் தம் இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஏற்றபோது ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை என்னும் பதின்மூன்று எழுத்துகளின் உரு மாறியது. அதற்கு முன் ‘லை’யின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு சுழி ஏறி நின்றது, ‘றா’வின் கால் தனித்து நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து வளைந்தது. இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட அமைப்பு இந்த வடிவங்களைக் கண்டதே இல்லையாதலால், தான் அறிந்தவற்றுள் தோற்றத்தில் நெருங்கியதைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடுகிறது.

இவற்றுள் ‘சொன்ஞன்’ அபாயமற்றது. எந்தப் பிழைதிருத்தியும் அதைப் பிடித்துவிடும். உண்மையான அபாயம் ‘அவனே’யில் இருக்கிறது. அது பிழையற்ற தமிழ்ச் சொல். ‘அவனை அழைத்தார்’ என்பது ‘அவனே அழைத்தார்’ என்று மாறும்போது செயப்படுபொருள் மறைந்துபோகிறது. சொல் சரியாக இருப்பதால் பிழைதிருத்தி அதைக் கடந்து போகிறது. இரண்டாம் வேற்றுமை உருபு ஐ என்பதால், ணகர லகர ளகர னகரங்களில் முடியும் பெயர்கள் அந்த உருபை ஏற்கும் இடமெல்லாம் பழைய நூலில் இந்தக் கண்ணி காத்திருக்கிறது. மனிதக் கண் மூலப் படத்தோடு ஒப்பிட்டு வரி வரியாகப் படிக்காமல் இத்தகைய பாடத்தை ஆய்வுக்குப் பயன்படுத்துவது தகாது என்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலையான தீர்வும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பழைய வடிவங்களுக்கு ஒருங்குறியில் தனிக் குறியெண் கிடையாது. துதிக்கை உள்ள ‘லை’யும் இன்றைய ‘லை’யும் ஒரே குறித்தொடரின் இரு தோற்றங்கள். எனவே எழுத்துணரிக்குப் புதிய எழுத்து எதையும் கற்பிக்க வேண்டியதில்லை; அறிந்த எழுத்துக்கு இன்னொரு முகமும் உண்டு என்று காட்டினால் போதும். பழைய உருக்களைக் கொண்ட ‘லோகித் தமிழ் கிளாசிக்கல்’ என்னும் இலவச எழுத்துருவால் ஆயிரக்கணக்கான வரிகளைப் படமாக்கி, அவற்றோடு அசல் பழைய நூல்களிலிருந்து வெட்டி எடுத்த வரிப் படங்களையும் அவற்றின் சரியான தட்டச்சுப் பாடத்தையும் இணைத்து, டெசராக்டின் தமிழ்த் தரவை மேற்கொண்டு பயிற்றுவிக்கலாம். அதற்கான கருவிகளும் திறமூலமாகவே கிடைக்கின்றன. ஈய எழுத்துத் தேய்ந்து உடைந்த உருக்களை எழுத்துரு ஒருபோதும் காட்டாது என்பதால் அசல் வரிகள் இன்றியமையாதவை. ஒரு கல்லூரியின் கணினித் துறையும் தமிழ்த் துறையும் கூடி உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலை இது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக வட்டாரத்தில் தொடங்குவதற்கு மிகவும் ஏற்றது.

அதுவரை மாற்று வழியாகக் கூகுள் டிரைவின் எழுத்துணரி உள்ளது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களை ஏற்றுவதற்காக த. சீனிவாசன் எழுதிய நிரல், பக்கங்களை ஒவ்வொன்றாக அந்தச் சேவைக்கு அனுப்பிப் பாடத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தது. தன்னார்வலர்கள் அதை மெய்ப்புப் பார்த்து வருகின்றனர். ‘என்ருர்’ அங்கும் வரும். அச்சான நூலுக்கு இந்த வழி ஏற்றதே. குடும்பக் கடிதமும் சொத்து விவரமும் பிறர் கணினிக்குப் போகாமல் வீட்டிலேயே எழுத்தாக்கப்படுவது நல்லது.

செட்டியார்கள் வெளியிடங்களுக்குப் போய்த் தொழில் நடத்திய, அதாவது கொண்டுவிற்ற காலத்து வட்டிக்கடைக் கணக்கேடுகள் முற்றிலும் வேறு வகை. அவை கையெழுத்துப் படிகள். டெசராக்ட் அச்செழுத்துக்கென்று அமைந்ததால் அவற்றைப் படிக்க முற்படுவதே வீண். ஆனாலும் படித்தறிந்தவர் தட்டச்சு செய்ய விரும்பினால் அதற்கான குறிகள் இன்று ஆயத்தமாக உள்ளன. பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹ முதலிய குறிகள் 2003இல் ஒருங்குறியின் நான்காம் பதிப்பில் சேர்ந்தன. முந்திரி, காணி, மா, கால், அரை போன்ற பின்னக் குறிகள் 2019இல் பன்னிரண்டாம் பதிப்பில் ‘தமிழ் இணைப்பு’ என்னும் தனித் தொகுதியாக இடம்பெற்றன. 1/320 ஆகிய முந்திரியை அது எழுதப்பட்ட உருவிலேயே கணினியில் பதியலாம் என்பது கணக்கு வரலாறு ஆராய்வோருக்குப் பெரும் வசதி. எனினும் பின்னக் குறிகளைக் காட்டும் எழுத்துருக்கள் எல்லாக் கணினிகளிலும் இல்லாததால், பெறுபவர் திரையில் அவை வெற்றுக் கட்டங்களாகத் தெரியக்கூடும். பாடத்தை அனுப்பும்போது எழுத்துருவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஏடுகளை இப்போதைக்கு வண்ணத்தில், தரம் குறையாத டிஃப் கோப்புகளாக ஸ்கேன் செய்து, ஒரு படியைக் கணினியிலும் மற்றொன்றை வெளி வன்தட்டிலும் இன்னொன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைத்துவிட்டால், படித்து எழுதும் வேலையைப் பின்னர் வருவோர் அந்தப் படங்களிலிருந்தே தொடங்கலாம்.