திறந்த உத்தரமும் தவழும் குழந்தையும்

பழைய வீட்டை இடித்துத் தள்ளாமல் புதுப்பித்துக்கொள்ளும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. சுவரின் பூச்சை உரித்துச் செங்கல்லைத் தெரிய விடுகிறார்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல், சமையல் மேடைக்குக் கடப்பைக் கல், ஜன்னலுக்குப் பழைய தேக்கு. மச்சைத் தாங்கும் இரும்பு கர்டரைக்கூட மூடி மறைக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். "இதென்னடி, பாதியிலே நின்னுபோன வீடு மாதிரி இருக்கே!" என்று மாமியார் முகம் சுளிக்கலாம். ஆனால் இது நேற்று முளைத்த நாகரிகம் இல்லை.

பாரிஸ் நகரில் டாக்டர் ழான் தல்சாஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு பழைய வீட்டை வாங்கினார். இடித்துவிட்டுப் புது வீடு கட்ட எண்ணம். மேல் மாடியில் குடியிருந்த மூதாட்டியோ, "காலி செய்ய மாட்டேன்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். என்ன செய்வது? பியேர் ஷாரோ என்ற வடிவமைப்பாளர், மேல் மாடியை இரும்புத் தூண்களால் தாங்கி நிறுத்திவிட்டு, அதன் கீழே இருந்ததை அகற்றிப் புது வீட்டை உள்ளே நுழைத்தார். 1928-இல் தொடங்கிய வேலை 1932-இல் முடிந்தது. தெருப்பக்கம் பார்த்தால் வெறும் முற்றம்தான். உள்ளே கண்ணாடிக் கட்டிகளால் ஆன சுவர். தூண்களை மறைக்கவில்லை. சிவப்பும் கறுப்புமாக வர்ணம் அடித்து, பக்கங்களில் கறுப்புப் பலகைக்கல் பதித்தார்கள். கீழ்த்தளத்தில் டாக்டரின் மருத்துவமனை, மேலே குடும்பம். மூதாட்டியும் தம் இடத்திலேயே இருந்தார்!

கண்ணுக்குத் தெரிந்தால் நல்லதுதான்

நம் ஊர்ப் பழைய வீடுகளில் மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டிருப்பார்கள். சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை, மழைநீர் இறங்கி உளுத்துப்போகும், கரையானும் சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் இரும்பு கர்டர் கைகொடுக்கும். கூடத்தைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கும்போதும் அப்படித்தான். ஆனால் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பதை மேஸ்திரியின் அனுபவத்தோடு விட்டுவிடாமல், கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் கேளுங்கள். கணக்குப் போடாமல் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டாம்.

திறந்த இரும்பில் ஒரு நன்மை உண்டு. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால், சிமெண்ட் வெடித்துப் பெயர்ந்து விழும்போதுதான் நமக்குத் தெரியவரும். வெளியே இருக்கும் கர்டர் துருப்பிடிக்க ஆரம்பித்ததும் காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தினம் பார்க்கிறவள் வீட்டுக்காரிதானே?

சுரண்டும்போதுதான் ஆபத்து

பழைய கர்டர், மாடிப்படிக் கைப்பிடி, ஜன்னல் கம்பி இவற்றைப் புதுசாக்க, முதலில் பழைய பெயிண்டைச் சுரண்டுவார்கள். தாய்மார்கள் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் இதுதான். அந்தக் காலத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க ஈயச் செந்தூரம் பூசுவார்கள். மேலே அடித்த வர்ணங்களிலும் ஈயம் கலந்திருக்கும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் ஈயம் வேறு, அது வெள்ளீயம். இது காரீயம், உடம்புக்கு விஷம்.

நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் காரீயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தவழும் குழந்தை தரையைத் தடவிய கையை அப்படியே வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகும் காரீயத்தில், பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு இழுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் காய்ச்சலோ வாந்தியோ வந்து எச்சரிப்பதில்லை. ரத்தசோகை வரலாம், கவனமும் படிப்பும் மந்தப்படலாம். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் உடம்பில் சேரும் காரீயம் கருவையும் எட்டும்.

ஆகவே:

* சுரண்டும் நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். "இந்த ரூமிலே கதவைச் சாத்திக்கிட்டு இருக்கோம்" என்பது போதாது.
* உறுதியாக ஒட்டியிருக்கும் பெயிண்டைச் சுரண்டாமல், அதன் மேலேயே புதுசு அடிக்கச் சொல்லுங்கள்.
* உரிகிற இடத்தைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கியே சுரண்ட வேண்டும். தீயால் கருக்குவதும், மெஷின் வைத்துத் தேய்ப்பதும் கூடவே கூடாது.
* கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, தூளை அதோடு சுருட்டிக் கட்டிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும். ஈரத்துணியால் துடைப்பதே சரி.
* வேலையாட்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தான். முகமூடி கொடுங்கள், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே இப்படி வேலை நடந்த வீட்டில் குழந்தை இருந்திருந்தால் பதற வேண்டாம். ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கப் பரிசோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

கல்லும் இரும்பும் கூடி வாழ

புது இரும்புக்குத் துருவை நீக்கி ரெட் ஆக்ஸைடு பூசலாம். நிறம் செந்தூரம் போல இருந்தாலும் அது இரும்பிலிருந்து வருவது. ஆனாலும் காரீயம் கலக்காதது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் நமக்கு உண்டு. அதனால் இரும்புத் தூணின் அடி தரையில் படாமல், சில அங்குல உயரத்துக்குக் கல் பீடம் வைக்கச் சொல்லுங்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். கடற்கரை ஊர் என்றால் உப்புக்காற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். கடப்பைக் கல்லில் புளி, எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடையுங்கள். அது சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு அரித்துவிடும்.

மாடிக் கைப்பிடியில் கம்பிகள் நெட்டுக்குத்தாக, நாலு அங்குலத்துக்குள் இடைவெளியோடு இருக்கட்டும். படுக்கைக் கம்பி பிள்ளைகளுக்கு ஏணி மாதிரி.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், கர்டர் சுவரில் சேரும் இடத்தையும் தூணின் அடியையும் ஒரு பார்வை பாருங்கள். பழுப்பு நிறம் தென்பட்டால் சின்ன டப்பா பெயிண்டோடு வேலை முடிந்துவிடும். பொங்கலுக்கு வீட்டை ஒழுங்கு செய்யும்போது இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.