ஆற்றங்கரையில் ஒரு நாள்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் ஆற்றுக்குப் போகத் துடிப்பார்கள். நம் பேராக்கில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வழியில் கோலா வோ இருக்கிறது. வோ ஆறு பத்தாங் பாடாங் ஆற்றோடு கூடும் இடம் அது. வெந்நீர் ஊற்றும் உண்டு.

மலையாறு கல்லையும் மணலையும் உருட்டி வருகிறது. சரிவு குறையும் இடத்தில் அவற்றைப் போட்டுவிட்டுப் பல கிளைகளாகப் பிரிகிறது; சடை பின்னியதுபோல் மீண்டும் கூடுகிறது. நடுவில் நிற்கும் மேட்டை ஆற்றிடைக்குறை என்பர். பாய் விரித்துச் சோறு உண்ண அதுவே நல்ல இடம் என்று தோன்றும். ஆபத்தும் அங்கேதான்.

இங்கே வெயில் அடிக்கும். தித்திவங்சா மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் திடீரென்று பாய்ந்து வந்து, கரைக்கும் மேட்டுக்கும் நடுவே ஓடும் கிளையை நிரப்பிவிடும். மலாய் மொழியில் இதனைக் 'கெப்பாலா ஆயேர்' என்பர். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேற்புறம் இரைச்சல் கேட்டாலோ சட்டிபானைக்காக நிற்காதீர்கள். பிள்ளைகளோடு உடனே கரையேறுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, நாங்கள் ஒருவரை நீர் வரும் திசையைப் பார்த்தபடி நிறுத்திவைப்போம். சோற்றுப் பானையைக் கரை மேட்டிலேயே வைப்போம். பசித்த பிள்ளைகள் தாமாகவே கரைக்கு வருவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.