ஒல்லியாக இருந்தால் போதுமா?

"அவர் ஒல்லியாகத்தானே இருக்கிறார், அவருக்கு எப்படி இனிப்பு நீர் வந்தது?" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை தெரிய, முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம்.

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ). 1.70 மீட்டர் உயரமும் 68 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீடு 23.5. உலகப் பொது அளவின்படி, பெரியவர்களுக்கு 25க்குக் கீழ் இருந்தால் கூடுதல் எடை இல்லை. அப்படியானால் இவருக்குக் கவலை இல்லையா?

2004-இல் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் தங்கள் உடலையே அளந்து, முடிவை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவரின் குறியீடும் 22.3தான். ஆனால் உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு!

தராசுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. ஒரே குறியீடு இருந்தாலும், ஐரோப்பியரைவிட இந்திய வம்சாவளியினருக்குச் சராசரியாகக் கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள் சேர்கிறது. அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குச் செல்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது.

இதனால்தான், 2002-இல் சிங்கப்பூரில் கூடிய உலகச் சுகாதார நிறுவன நிபுணர்கள், ஆசியர்கள் 23-லேயே கவனம் செலுத்த வேண்டும் என்றனர். மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எடை கூடுதலாக இருந்தது. இனவாரியாகப் பார்த்தால், இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம்.

மாணவர்களே, இன்றே ஓர் அளவு நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அப்பா அம்மாவின் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. தாண்டியிருந்தால், கிளினிக்கில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

இந்த எண்கள் பெரியவர்களுக்கு மட்டுமே. உங்களுக்கு வயது, பாலினத்துக்கேற்பத் தனி அட்டவணை உண்டு. ஆகவே இதை வைத்துப் பட்டினி கிடக்கவும் வேண்டாம், வகுப்பு நண்பரைக் கேலி செய்யவும் வேண்டாம்.